கண்மாய் மண்ணும் கறுப்பு மையும்: அரசு ஆவணத்தில் யார் பெயர் தெரியலாம்?

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் 2025 கோடையில் வண்டல் மண் அள்ளினார்கள். விவசாயிகள் தங்கள் வயலுக்கு இலவசமாக வண்டல் எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். டிராக்டர் கணக்கில் சொன்னால் 25 லோடு, 30 லோடு. நல்ல திட்டம்தான், கண்மாயும் ஆழமாகும், வயலுக்கும் உரம். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குக் கரையில் நின்றவை டிப்பர் லாரிகள். அவை வயல் பக்கம் திரும்பவே இல்லை, நேராக நான்குவழிச் சாலைக்குப் போயின. யார் பெயரில் அனுமதி, எந்த சர்வே எண்ணுக்கு, எத்தனை லோடு என்று கேட்டு ஆடி மாதத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுப் போட்டேன்.

ஆறாம் நாள் ஒரு போன் வந்தது. "அண்ணே, கண்மாய் விஷயமா மனுப் போட்டது நீங்கதானா? எதுனாலும் நேர்ல பேசிக்குவோம்ண்ணே" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் இல்லை, லாரி வைத்திருப்பவர். என் பெயரும் எண்ணும் நான் எழுதிய அந்த ஒரே தாளில்தான் இருந்தன. அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் பதிலும் வந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் கட்டியதும் ஒரு கட்டுத் தாள் கொடுத்தார்கள். அனுமதி வாங்கியவர்களின் பட்டியல் இருந்தது. கூடவே நான் கேட்காத சங்கதிகளும் இருந்தன: ஒவ்வொருவருடைய ஆதார் நகல், கைப்பேசி எண், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். அதில் பாதிப் பேர் எனக்கு மாமன், மச்சான் முறை. மண்ணே எடுக்காத சிலர் பெயரிலும் அனுமதி இருந்தது. பட்டா நகலை யாரிடமோ கொடுத்ததைத் தவிர அவர்களுக்கு எதுவும் தெரியாது. கிராம சபையில் அந்தப் பட்டியலைக் காட்டுவதற்கு முன்னால், ஒரு மார்க்கர் பேனா வாங்கிவந்து எண்களையெல்லாம் நானே உட்கார்ந்து அழித்தேன்.

பக்கத்துக் கண்மாய்க்கும் அதே விவரத்தைக் கேட்டு மார்கழியில் இரண்டாவது மனுப் போட்டேன். இந்த முறை ஒரே வரியில் பதில்: கோரிய தகவல் தனிநபர் தகவல் தொடர்பானது, பிரிவு 8(1)(ஜெ)-யின்படி வழங்க இயலாது.

அதே அலுவலகம்தான். ஐந்து மாதத்துக்கு முன்னால் கொடுக்கக் கூடாததையும் சேர்த்துக் கொடுத்தது. இப்போது கொடுக்க வேண்டியதையும் சேர்த்து மறுத்துவிட்டது. இடையில் சட்டம் மாறியிருந்தது. என்ன மாறியது, அதனால் எங்களைப் போன்ற ஊர்களில் என்ன ஆகும் என்பதைத்தான் எழுத வந்தேன்.

தகவல் உரிமைக்கு நாட்டிலேயே முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. அது 1997-ல். விதிவிலக்குகள் மிகுந்த சட்டம் என்பதால் அது சாமானியருக்குப் பெரிதாக உதவவில்லை. 2002-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. 2005 அக்டோபர் 12-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான், காரணம் எதுவும் சொல்லாமல் யாரும் கேட்கலாம், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலையைக் கொண்டுவந்தது.

அந்தச் சட்டம் அந்தரங்கத்தை மறந்துவிடவில்லை. பழைய 8(1)(ஜெ) பிரிவை ஒரு சல்லடை என்று சொல்லலாம். ஒரு தனிநபர் தகவலுக்குப் பொதுப்பணியோடோ பொதுநலனோடோ தொடர்பு இல்லையென்றால், அல்லது அதை வெளியிடுவது ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைவதாக இருந்தால், மறுக்கலாம். அப்போதும் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுத்தாக வேண்டும். கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது. அந்தக் கடைசி வரி எனக்கு மிகவும் பிடிக்கும். எம்.எல்.ஏ. கேட்டால் கிடைக்கும் தகவல் எங்கள் ஊர் ஆடு மேய்க்கிறவர் கேட்டாலும் கிடைக்க வேண்டும் என்று சொன்ன வரி அது.

2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிறுவனங்களும் அரசும் நம் தரவை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்கிற சட்டம், அது தேவையானது. ஆனால் அதன் 44(3) பிரிவு, 8(1)(ஜெ)-யை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தது. ஆங்கிலத்தில் ஆறே சொல். 'தனிநபர் தகவல் தொடர்பான தகவல்' என்பதுதான் அதன் பொருள். பொதுப்பணித் தொடர்பு, தேவையற்ற நுழைவு, சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாதது என்ற மூன்றும் போய்விட்டன. 2025 நவம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. என் இரண்டாவது மனு அடுத்த மாதம்.

அரசுத் தரப்பு சொல்வதையும் சொல்ல வேண்டும். பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்கிறார்கள். வேறு சட்டத்தின் கட்டாயத்தால் பொதுவெளிக்கு வந்த தரவுக்குப் புதிய தரவுச் சட்டம் பொருந்தாது என்றும் சொல்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் 8(2)-ல் இருப்பது 'தரலாம்' என்ற சொல். தருவதா வேண்டாமா என்பதை அந்த அலுவலகமே தீர்மானிக்கும். முன்பு மறுப்பதற்குக் காரணம் காட்ட வேண்டியவர் அலுவலர்; இப்போது நடைமுறையில் பொதுநலன் இருக்கிறது என்று காட்ட வேண்டியவர் கேட்கிறவர். கண்மாய்க்கரையில் நிற்கிறவர் கையில் காட்டுவதற்கு என்ன இருக்கும்? அதைத் தெரிந்துகொள்ளத்தானே ஆவணத்தையே கேட்கிறார்.

மனுக்களுக்குப் பதில் சொல்கிற பொதுத் தகவல் அலுவலரின் இடத்தில் இருந்தும் யோசித்துப் பார்த்தேன். தகவலைக் காரணமில்லாமல் மறுத்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். தரவைப் பாதுகாக்கத் தவறினால் புதிய சட்டத்தின் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். அது நிறுவனத்துக்கு விதிக்கப்படுவதே தவிர அலுவலருக்கு இல்லை. ஆனாலும் அந்தத் தொகையைக் கேள்விப்பட்ட ஒரு உதவியாளர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லத் தேவையில்லை. பட்டியலில் ஒரு பெயர் இருந்தால் போதும், 'தனிநபர்' என்று எழுதி மூடிவிடுவார். அரசு ஆவணத்தில் மனிதர் பெயர் இல்லாத தாள் எங்கே இருக்கிறது? ஒப்பந்ததாரர் ஒரு மனிதர், கையெழுத்துப் போட்ட பொறியாளர் ஒரு மனிதர், குத்தகைக்காரர் ஒரு மனிதர்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக 2018-ல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு கொடுத்த வரைவிலும் இந்தப் பிரிவுக்குத் திருத்தம் இருந்தது. வெளியிடுவதால் அந்த மனிதருக்கு ஏற்படும் தீங்கு பொதுநலனைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் மறுக்கலாம் என்றது அது. தராசை எடுத்துப் போடாமல் கையில் வைத்துக்கொள்ளச் சொன்ன வரைவு. அது அப்படியே வந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சரி, யாருடைய பெயர் தெரிய வேண்டும்? என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெயருக்கு உரியவர் அந்தத் தாளில் என்ன செய்கிறார் என்பதை. கையெழுத்துப் போடுகிறாரா, பொதுச் சொத்தை எடுக்கிறாரா, உதவி வாங்குகிறாரா, இல்லை அவருக்கு ஒரு தீங்கு நடந்திருக்கிறதா? நாலுக்கும் ஒரே பூட்டு பொருந்தாது.

அதிகாரம் இருக்கிறவர் விஷயத்தில் மதுரைக்காரர்களுக்கு ஓர் உதாரணம் சட்டென்று நினைவுக்கு வரும். உ. சகாயம் நாமக்கல் ஆட்சியராக இருந்தபோது, 2009-ல், தன் சொத்து விவரத்தை அவராகவே இணையத்தில் வெளியிட்டார். மதுரையில் ஒரு வீடும் வங்கியில் சில ஆயிரம் ரூபாயும்தான் அதில் இருந்தன. பிறகு அவர் மதுரை ஆட்சியராக வந்தார். மேலூர், கீழவளவுப் பக்கம் கிரானைட் குவாரிகளில் நடந்ததைப் பற்றி 2012-ல் அவர் எழுதிய அறிக்கைதான் அந்த விவகாரத்தை வெளியே கொண்டுவந்தது. 2014-ல் உயர் நீதிமன்றம் அதை விசாரிக்க அவரையே நியமித்தது. குத்தகை யார் பெயரில், எந்தப் புல எண்ணில், எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் எங்கள் ஊர்களில் குன்று இருக்குமா இருக்காதா என்கிற கேள்வி. அந்தப் பெயர்களைத் 'தனிநபர் தகவல்' என்று ஒதுக்கினால் மலைக்கு யார் பதில் சொல்வது?

ஆனால் நீதிமன்றப் போக்கு முன்பே கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது. 2012-ல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில், ஓர் அரசு ஊழியருக்குக் கொடுத்த குறிப்பாணை, தண்டனை, வருமானவரிக் கணக்கு ஆகியவை அவருக்கும் அரசுக்கும் இடையிலான விஷயம், பெரிய பொதுநலன் இருந்தாலொழியத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு மறுப்புக் கடிதங்களில் அந்தத் தீர்ப்பின் பெயர் அச்சடித்த மாதிரி வர ஆரம்பித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் பாதி உடன்பாடு. ஒரு தாசில்தாரின் மருத்துவ விடுப்புக்கு என்ன காரணம், அவர் வீட்டில் என்ன சண்டை என்பது எனக்கு வேண்டாம். அவர் லஞ்ச வழக்கில் தண்டிக்கப்பட்டாரா என்பது எனக்கு வேண்டும். சம்பளம் மக்கள் வரியிலிருந்து போகிறது.

உதவி வாங்குகிறவர் கதை இதைவிடச் சிக்கலானது. நூறு நாள் வேலையின் வருகைப் பதிவேடு, வீட்டுத் திட்டத்தின் பயனாளிப் பட்டியல், முதியோர் உதவித்தொகைப் பட்டியல் இவையெல்லாம் ஊருக்குத் தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்று ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். இறந்தவர் பெயரில் கூலி விழும். சென்னையில் செட்டிலானவர் மண்வெட்டி பிடித்ததாகப் பதிவாகும். உதவித் திட்டங்களின் பயனாளி விவரத்தை அரசு அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்வது இதனால்தான். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. பட்டியலை வாசித்தால் எதிரே உட்கார்ந்திருக்கிற பாட்டி, "அவரு செத்து மூணு வருசமாச்சேப்பா" என்று எழுந்துவிடுவார். அதைவிடச் சிறந்த தணிக்கை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் அதே பட்டியலில் 'கணவனால் கைவிடப்பட்டவர்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பெயரில் ஓர் ஓய்வூதியத் திட்டமே இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே அப்படி எழுதிச் சுவரில் ஒட்டினால், மாதாமாதம் வரும் ஒரு சிறு தொகைக்காக அவர் எதை விலையாகக் கொடுக்கிறார்? ஊருக்கு அது தெரிந்ததுதான் என்பார்கள். ஊருக்குத் தெரிவது வேறு, உலகத்துக்குத் தெரிவது வேறு. அந்தத் தாளை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால் நூறு பேர் பார்ப்பார்கள், மழையில் நனைந்து போகும். இணையத்தில் போட்டால், பத்து வருஷம் கழித்து அவருடைய மகளுக்கு வரன் பார்க்கிறவர் கைப்பேசியில் தட்டினாலும் வரும்.

இந்தத் தூரக் கணக்கை நம் அலுவலகங்கள் யோசிப்பதே இல்லை. 2017-ல் பெங்களூரில் உள்ள ஓர் ஆய்வு மையம், நான்கு அரசு இணையதளங்களில் மட்டும் சுமார் 13 கோடி ஆதார் எண்கள் வெளியே கிடந்ததைக் காட்டியது. நூறு நாள் வேலை, உதவித்தொகைத் தளங்களும் அவற்றில் இருந்தன. யாரும் திருடவில்லை, வெளிப்படைத்தன்மை என்ற நல்லெண்ணத்தில் போட்ட பட்டியல்கள்தான். பெயர், ஊர், வேலை நாள், தொகை இவற்றை வெளியிட ஆதார் எண் எதற்கு, வங்கிக் கணக்கு எண் எதற்கு என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

முன்பு தாசில்தார் அலுவலக ஆவண அறையில் ஒரு தாளைத் தேடி எடுப்பது ஒரு நாள் வேலை. நகல் மனுப் போட்டு, கட்டுக் கட்டாகப் பிரித்து, தூசியில் தும்மித்தான் எடுக்க வேண்டும். ஆவணம் எல்லாருக்கும் திறந்துதான் இருந்தது. ஆனால் உண்மையில் தேவைப்பட்டவர்தான் அந்தச் சிரமத்தை எடுப்பார். அந்தத் தூசியே ஒரு காவல். தேடுபொறி வந்ததும் அது போய்விட்டது. சட்டம் மாறாமலேயே, 'பொது ஆவணம்' என்ற சொல்லுக்குப் பொருள் மாறிவிட்டது.

இந்த மாற்றத்தை நேருக்கு நேர் சந்தித்த வழக்கு மதுரையில்தான் நடந்தது. ஒத்தக்கடையில், யானைமலைக்கு எதிரே இருக்கிற உயர் நீதிமன்றக் கிளையில், 2014-ல் குற்றமற்றவர் என்று விடுதலையான ஒருவர், 2021-ல் ஒரு மனுப் போட்டார். தீர்ப்பு என்னை விடுவித்துவிட்டது, ஆனால் பெயரைத் தட்டினால் முதலில் வருவது அந்த வழக்குத்தான், தீர்ப்பில் என் பெயரை மறைத்துவிடுங்கள் என்று கேட்டார். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முதலில் அந்தக் கோரிக்கையில் நியாயம் இருப்பதாகக் கருதினார். விரிவாகக் கேட்ட பிறகு, 2021 ஆகஸ்டில், இதற்கான தெளிவான சட்டம் வரும்வரை நீதிமன்றப் பதிவைத் திருத்த முடியாது என்று தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, பெயரை மறைக்கவும், தீர்ப்புகளைத் தொகுத்து வைக்கும் இந்தியன் கானூன் இணையதளத்திலிருந்து அந்தத் தீர்ப்பை நீக்கவும் உத்தரவிட்டது. அந்தத் தளம் மேல்முறையீட்டுக்குப் போக, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

எனக்கு இதில் இரண்டு பக்கமும் வலிக்கிறது. யானைமலைக் குகையில் ஏறத்தாழ 2000 ஆண்டு பழைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதிலும் மனிதர்களின் பெயர்கள் இருக்கின்றன. பெயர் நிலைக்கட்டும் என்று வெட்டியவை. குற்றம் செய்யாத ஒருவர் பெயரை அவர் கேட்காமலே கல்லில் வெட்டியது போல் வைத்திருப்பது கொடுமை. அதேசமயம் தீர்ப்பையே பொதுவெளியிலிருந்து எடுத்துவிட்டால், நீதிமன்றம் எப்படி யோசித்தது என்பது யாருக்கும் தெரியாமல் போகும். அடுத்த குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவுகிற முன்னுதாரணமும் போகும். தீர்ப்பு முழுதும் இருக்கட்டும், விடுதலையானவர் பெயருக்குப் பதில் ஓர் எழுத்து இருக்கட்டும், அசல் நீதிமன்றத்தில் இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். பெயரைத் தட்டினால் வராது. வழக்கு எண் தெரிந்தவருக்கு வரும்.

தமிழ்நாட்டிலிருந்து போன இன்னொரு வழக்கு இந்தச் சிந்தனைக்கு அடித்தளம். 1994-ல், ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான ராஜகோபால் வழக்கு. பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிட அனுமதி கேட்கத் தேவையில்லை, அதிகாரிகள் தம் கடமை சார்ந்த செயல்களுக்கு அந்தரங்கம் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரே ஒரு விலக்கு வைத்தது: பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் பொது ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது. யார் என்ன செய்கிறார் என்று பார்த்துப் பிரிக்கிற புத்தி முப்பது வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறது.

முப்பது வருஷம் கழித்து, 2024 டிசம்பரில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த பாலியல் வன்கொடுமையின் முதல் தகவல் அறிக்கை காவல்துறைத் தளத்திலிருந்தே, பாதிக்கப்பட்ட பெண்ணின் விவரத்தோடு வெளியே போனது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் போட வேண்டும் என்பது 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மக்களுக்கு மிகவும் உதவுகிற உத்தரவு. பாலியல் வழக்குகளைப் போடக் கூடாது என்பதும் அதே உத்தரவில்தான் இருந்தது. அந்த விலக்கைக் கவனிக்க ஒரு மனிதர் இருந்திருந்தால் போதும்.

அப்படிக் கவனிக்கிற வேலைக்குத் தேவையான கருவிகள் தகவல் உரிமைச் சட்டத்திலேயே இருக்கின்றன. இன்றும் இருக்கின்றன. 10-வது பிரிவு, ஓர் ஆவணத்தில் மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைக் கொடு என்கிறது. 11-வது பிரிவு, மூன்றாம் மனிதர் ரகசியமாகக் கருதிக் கொடுத்த விவரம் என்றால் அவருக்கு 5 நாளில் கடிதம் எழுதி, 10 நாள் அவகாசம் கொடுத்து, அவர் சொல்வதையும் கேட்டு முடிவெடு என்கிறது. என் முதல் மனுவில் 10-வது பிரிவைப் பயன்படுத்தியிருந்தால் எங்கள் ஊர்க்காரர்களின் ஆதார் என் பீரோவுக்கு வந்திருக்காது. இரண்டாவதில் பயன்படுத்தியிருந்தால் பட்டியல் வந்திருக்கும். கறுப்பு மைக்கு ஆகும் செலவு பத்து ரூபாய்.

கேட்கிறவரின் அந்தரங்கத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தொடர்புகொள்ளத் தேவையான விவரத்தைத் தவிர மனுதாரரிடம் வேறு எதையும் கேட்கக் கூடாது என்று 6(2) சொல்கிறது. மனுதாரர் விவரத்தை இணையத்தில் போட வேண்டாம் என்று மத்திய அரசு 2016-ல் அறிவுறுத்தியது. 2013-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம், அஞ்சல் பெட்டி எண் மட்டும் கொடுத்தால் போதும் என்றது. ஊரில் இதெல்லாம் எட்டுவதில்லை. மனு மேசை மாறுவதற்குள் பெயர் டீக்கடைக்கு வந்துவிடுகிறது. மணல், மண், கல் பற்றிக் கேட்கிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. புதிய சட்டம் உண்மையிலேயே தனிநபரைக் காக்க வந்ததென்றால், முதலில் காக்க வேண்டிய தனிநபர் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்.

மாசியில், அந்த மறுப்பை எதிர்த்து முதல் மேல்முறையீடு போட்டேன். இந்த முறை கைப்பேசி எண் எழுதவில்லை. அனுமதி பெற்றவர் பெயர், சர்வே எண், பரப்பு, அனுமதித்த லோடு, எடுத்த லோடு, வண்டி எண், அனுமதியில் கையெழுத்திட்ட அலுவலரின் பதவி ஆகியவற்றைக் கேட்டிருக்கிறேன். கண்மாய் பொதுச் சொத்து, அதிலிருந்து எடுத்த மண்ணின் கணக்கு பொதுநலன், ஆகவே 8(2) பொருந்தும் என்று ஒரு பத்தி. ஆதார், கைப்பேசி எண், வங்கி விவரம் எனக்கு வேண்டாம், ஆவணத்தில் இருந்தால் 10-வது பிரிவின்படி மை பூசிக் கொடுங்கள் என்று இன்னொரு பத்தி. பெயர் வந்திருக்கிற விவசாயிகளைக் கேட்க வேண்டுமென்றால் 11-வது பிரிவின்படி அவர்களுக்குக் கடிதம் அனுப்புங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு கடிதம் போனாலே, தன் பெயரில் அனுமதி இருப்பது பலருக்கு அப்போதுதான் தெரியவரும்.

முப்பது நாள், அதிகம் போனால் நாற்பத்தைந்து நாளில் முடிவு சொல்ல வேண்டும். பங்குனி பிறந்துவிட்டது. பக்கத்துக் கண்மாயில் தண்ணீர் இப்போது முழங்காலளவு. சித்திரையில் கரை காய்ந்ததும் அடுத்த அனுமதிகள் தொடங்கிவிடும்.